ஒளிந்த குதிரையும் சோடா மூடியும்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ஒக்கி புயல் அடித்த நாட்களில், கரண்டு இல்லாத ராத்திரிகளில், எதிராளியின் காய்களைப் பார்க்காமலே சதுரங்கம் ஆடினோம் என்று. பாடத்தை விட்டுவிட்டு வாத்தியார் இடையில் சொன்ன கதைதான் பிள்ளைகள் மனதில் நிற்கும் என்பது முப்பத்து நாலு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். போன மாதப் புதிருக்கு விடை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், பார்க்காமல் ஆடினோம் என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டா? ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.
– வங்கி ஊழியர், தக்கலை

கண்ணைக் கட்டி ஆடுவது வேறு. அதில் எல்லாக் காய்களும் மனதில் இருக்கும், பலகை மட்டும் இருக்காது. இது நேர் எதிர். உங்கள் முன்னால் பலகை இருக்கும், உங்கள் பதினாறு காய்களும் இருக்கும். எதிராளியின் காய் ஒன்றுகூட இருக்காது. அவர் அறையின் மறுபக்கம், அவர் காய்களோடு தனிப் பலகையில் உட்கார்ந்திருப்பார். நடுவில் ஒரு வேட்டியைத் தொங்கவிட்டால் போதும். மூன்றாவது பலகை நடுவரிடம். அதில்தான் இரண்டு பேர் காயும் இருக்கும். ஆக மூன்று பலகை, மூன்று ஆள்.

இதற்குக் ‘கிரீக்ஷ்பீல்’ என்று பெயர். ஜெர்மன் மொழியில் போர் விளையாட்டு என்று அர்த்தம். 1824-ல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி, வரைபடத்தில் படைகளை நகர்த்தி அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு விளையாட்டு வகுத்தார். எதிரிப் படை எங்கே இருக்கிறது என்பது நடுவருக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். அந்த எண்ணத்தைச் சதுரங்கப் பலகைக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி மைக்கேல் டெம்பிள் என்ற ஆங்கிலேயர், 1899-ல்.

ஆடும் முறை இது. உங்கள் முறை வரும்போது ஒரு நகர்வைச் செய்து பார்க்கிறீர்கள். நடுவர் தன் பலகையைப் பார்த்து, முடியும் என்றால் ‘ஆச்சு’ என்பார். அந்த நகர்வு அப்படியே நிற்கும், திரும்ப எடுக்க முடியாது. வழியில் கண்ணுக்குத் தெரியாத காய் நின்றாலோ, உங்கள் ராஜா செக்கில் மாட்டினாலோ ‘இல்லை’ என்பார். அப்போது வேறு நகர்வு பார்க்கலாம். காய் வெட்டுப்பட்டால் எந்தக் கட்டத்தில் என்று சொல்வார். செக் என்றால் எந்தத் திசையிலிருந்து என்று சொல்வார். எங்கள் வீட்டில் அதற்கு வைத்த வார்த்தைகள்: நெடுக்க, குறுக்க, பெரிய மூலை, சின்ன மூலை, குதிரை. ராஜா நிற்கிற கட்டத்தைத் தொட்டு இரண்டு மூலைக்கோடு போகும் அல்லவா, நீளமானது பெரிய மூலை, மற்றது சின்ன மூலை.

இன்னும் ஒன்று உண்டு. உங்கள் முறையில் ‘வெட்டு உண்டுமா?’ என்று கேட்கலாம். உங்கள் சிப்பாய் எதற்காவது எதிராளியின் காயை வெட்ட முடியுமா என்று அர்த்தம். உண்டு என்று நடுவர் சொன்னால், ஒரு தடவையாவது சிப்பாயால் வெட்டிப் பார்த்தே ஆக வேண்டும். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது.

இவ்வளவுதான் சட்டம். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் பாதி மெழுகுவர்த்தி தீரும் வரை எழ மாட்டீர்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2017 நவம்பர் 30-க்குப் பிறகு வந்த அந்த நாட்களில் எங்களுக்கு விழுந்தது கரண்டு கம்பமும் வாழையும் ரப்பர் மரமும்தான். கடற்கரை ஊர்களில் வள்ளத்தில் போனவர்கள் வந்து சேர்வார்களா என்று காத்துக் கிடந்தார்கள். நாங்கள் விளையாடினோம் என்று எழுதும்போது கை கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

எதிராளி காயே தெரியாது என்றால் அதிர்ஷ்டம்தானே சார்? தாயம் போடுவதுபோல?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், குளச்சல்

இல்லை மக்கா. தாயத்தில் கட்டை உன் பேச்சைக் கேட்காது. இங்கே நடுவர் உன் கேள்விக்குப் பதில் சொல்கிறார். நீ என்ன கேட்கிறாய் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

ஒரு கணக்கு பார். பலகையில் நெடுக்க உள்ள வரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்க உள்ள வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண். உன் சிப்பாய் ஒன்று டி4-ல், ஒன்று இ4-ல் நிற்கிறது. ‘வெட்டு உண்டுமா?’ என்கிறாய். நடுவர் ‘இல்லை’ என்கிறார். சோர்ந்துபோகாதே. டி4 சிப்பாய் வெட்டக்கூடியது சி5, இ5. இ4 சிப்பாய் வெட்டக்கூடியது டி5, எஃப்5. அந்த நாலு கட்டத்திலும் எதிரி இல்லை என்பது ஒரே வார்த்தையில் தெரிந்துவிட்டது. சிப்பாய் நகர்ந்தால் உன் ராஜா செக்கில் மாட்டும் என்ற நிலை இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு தப்பும், அதையும் மனதில் வை. புதிதாக ஆடுகிறவர்கள் ‘ஆச்சு’ கேட்டால் சந்தோஷப்படுவார்கள், ‘இல்லை’ கேட்டால் முகம் சுளிப்பார்கள். பழகியவர்கள் ‘இல்லை’யைத்தான் சேர்த்து வைப்பார்கள்.

ஆனால் ‘இல்லை’ இலவசமாகக் கிடைக்காது. யானையை ஏ1-லிருந்து ஏ8 வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும், வழியில் யாராவது நிற்கிறார்களா என்று அறிய. யாரும் நிற்கவில்லை என்றால்? ‘ஆச்சு’ என்று நடுவர் சொல்லிவிடுவார், உன் யானை எதிரியின் வீட்டு முற்றத்தில் போய் நிற்கும். அதனால் நடந்துவிட்டாலும் பரவாயில்லை என்கிற நகர்வை மட்டும்தான் வேவு பார்க்க அனுப்ப வேண்டும். இது ஒன்று. இரண்டாவது, நடுவர் ‘இல்லை’ என்று சொல்வது வேட்டிக்கு அப்பால் இருப்பவருக்கும் கேட்கும். வரிசையாக நாலு ‘இல்லை’ வாங்கினால், நீ ராஜாவைக் கொண்டு எங்கோ தட்டித் தடவிக்கொண்டிருக்கிறாய் என்று அவருக்குப் புரிந்துவிடும். கெட்டிக்காரர்கள் வேண்டுமென்றே இரண்டு பொய் நகர்வு கேட்டு அவரை வேறு பக்கம் திருப்புவார்கள்.

கடைசிக் கட்டம் இன்னும் வேடிக்கை. எதிரியிடம் ராஜா மட்டும், உன்னிடம் ராஜாவும் யானையும். சாதாரண ஆட்டத்தில் இதை ஏழு வயதுப் பிள்ளை முடிக்கும். ராஜா எங்கே என்றே தெரியாதபோது? தப்பாமல் முடிக்க வழி உண்டு என்று 1981-ல் ஜிம் பாய்ஸ் என்பவர் எழுதிக் காட்டினார். யானையை இழக்காமல், ‘இல்லை’களாலேயே வேலி கட்டிக்கொண்டு போக வேண்டும். நான் முயன்றேன். யானையைத் தொலைத்தேன்.

நடுவராக இருக்க நன்றாகச் சதுரங்கம் தெரிந்திருக்க வேண்டுமா? என் மாமியாருக்குக் காய் நகர்த்த மட்டும் தெரியும். அவர்களை உட்கார வைக்கலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

தாராளமாக. நன்றாக ஆடத் தெரிந்த நடுவர்தான் ஆபத்து. என் கதையைக் கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் நான் இருந்தபோது சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் வைப்பேன். நடுவர் நான்தான். ஆறாம் வகுப்பில் ஒரு சின்னப் பெண். சாதாரணச் சதுரங்கத்தில் யாரிடமும் தோற்பாள். இதில் தொடர்ந்து ஐந்து ஆட்டம் ஜெயித்தாள். எனக்கு ஒரே பெருமை, இவளுக்கு ஏதோ தனி மூளை என்று தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். பிறகுதான் கவனித்தேன். பிள்ளை பலகையையே பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு காய்மேல் போகும்போது என் கண் எங்கே ஓடுகிறதோ, அங்கே எதிரியின் ராஜா!

அடுத்த வாரம் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படியும் ஜெயித்தாள். வழியில் காய் நிற்கிறது என்றால் நான் சட்டென்று ‘இல்லை’ சொல்லிவிடுவேன். அந்த நகர்வால் ராஜா செக்கில் மாட்டுகிறது என்றால் ஒருமுறை சரிபார்த்துவிட்டு மெதுவாகச் சொல்வேன். அந்த இடைவெளியை அவள் காதால் அளந்திருக்கிறாள். அதன் பிறகு எதற்கும் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டுத்தான் வாய் திறப்பேன். வீட்டிலும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. ‘சாயா வேணுமா’ என்று கேட்டுவிட்டு மனைவி காத்திருக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் மாமியாருக்கு ஆட்டத்தின் போக்கில் அக்கறை இருக்காது. அதுதான் வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால், இதனால் நகர்த்துகிறவரின் ராஜா செக்கில் மாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நான் ஒருதடவை அதைத் தவறவிட்டு ‘ஆச்சு’ என்றுவிட்டேன். ஆறு நகர்வு கழித்துத்தான் தெரிந்தது. நகரவே கூடாத குதிரை ஒன்று எதிரியின் ராணியை வெட்டிவிட்டு ஜம்மென்று நிற்கிறது. ஆட்டத்தைக் கலைத்தோம். ராணியை இழந்தவன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

வீட்டில் இரண்டு பையன்கள்தான். மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது? நடுவர் இல்லாமல் ஏதாவது உண்டா?
– ஆட்டோ ஓட்டுநர், களியக்காவிளை

போன் கொடுக்கலாம் என்றால் ‘டார்க் செஸ்’ இருக்கிறது. 1989-ல் டென்மார்க்கில் இரண்டு பேர் உருவாக்கியது. உங்கள் காய்கள் போக முடிகிற கட்டங்கள் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் இருட்டு. செக் என்று யாரும் எச்சரிக்க மாட்டார்கள். ராஜாவையே வெட்டிக்கொண்டு போய்விடலாம். நடுவர் வேலையைப் போனே பார்த்துக்கொள்ளும்.

போன் வேண்டாம் என்றால் சோடா மூடி சேர்க்கச் சொல்லுங்கள். முப்பத்திரண்டு மூடி. இது சீனாக்காரர்களின் வழி. அவர்களுடைய சதுரங்கத்தில் காய்கள் கேரம் காய்போல வட்டமாக இருக்கும், மேலே எழுத்து. கவிழ்த்து வைத்தால் எது எதுவென்று தெரியாது. அதை வைத்தே ‘ஜியேச்சி’ என்று ஓர் ஆட்டம். வியட்நாமிலும் அது பிரபலம். நாங்கள் அதை நம் பலகைக்கு மாற்றிக்கொண்டோம்.

ஒவ்வொரு மூடியின் உள்பக்கமும் குதிரை, யானை என்று ஒட்டிவிடுங்கள். வெளிப்பக்கத்தில் ஆளுக்கொரு நிறம். ராஜாவை மட்டும் அதன் இடத்தில் நிமிர்த்தி வைத்து, மற்ற பதினைந்தையும் குலுக்கிக் கவிழ்த்து அடுக்க வேண்டும். யாருக்கும் எது எது என்று தெரியாது, தன்னுடையதுகூட. குதிரை நிற்க வேண்டிய கட்டத்தில் கவிழ்ந்திருக்கும் மூடி, முதல் தடவை குதிரைபோலத்தான் தாவும். தாவியதும் நிமிர்த்த வேண்டும். உள்ளே யானை இருந்தால், அதன் பிறகு அது யானைதான். சிப்பாய் வரிசையிலிருந்து ஒன்றை ஒரு கட்டம் தள்ளி நிமிர்த்தினால் ராணி வரும். அப்போது உங்கள் பையன் போடுகிற சத்தம் எல்லை தாண்டிப் பாறசாலைக்குக் கேட்கும். மூலைக் கட்டத்தில் சிப்பாய் ஒளிந்திருந்தால் பெரும்பாடுதான். கடைசி வரிசையில் வெளிப்பட்ட சிப்பாயை என்ன செய்வது என்று பையன்கள் சண்டை போடுவார்கள். நாங்கள், எங்கிருந்தாலும் ஒரு கட்டம் முன்னேறலாம் என்று வைத்துக்கொண்டோம். நீங்கள் வேறு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டத்துக்கு முன்னாலேயே பேசிவிட்டால் சரி.

‘பான்ச்சி’ என்று இன்னொன்று உண்டு. சீனப் பலகையில் பாதி, முப்பத்திரண்டு கட்டம். முப்பத்திரண்டு காயும் கவிழ்ந்து கிடக்கும். முதலில் நிமிர்த்துகிற காய் எந்த நிறமோ அதுதான் உங்கள் கட்சி. பெரியது சின்னதைப் பிடிக்கும், ஆனால் எல்லாரிலும் சின்னவனான சிப்பாய் மட்டும் தளபதியைப் பிடிப்பான். தளபதிக்குச் சிப்பாயைத் தொட உரிமை இல்லை. என் பேரனுக்கு இந்த ஒரு சட்டத்துக்காகவே அந்த ஆட்டம் பிடிக்கும்.

ஐயா, சதுரங்கம் நம் மண்ணின் விளையாட்டு. திருப்பூவனூரில் சிவபெருமானே சதுரங்க வல்லபநாதராக இருக்கிறார். அதைக் கவிழ்த்துப் போடுவது, ஒளித்து வைப்பது என்று இப்படிக் கோமாளித்தனம் செய்யலாமா? இருக்கிற சட்டத்தில் ஒழுங்காக ஆடினால் போதாதா?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், நாகர்கோவில்

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் எந்தச் சட்டம், அதைச் சொல்லுங்கள்.

என் தாத்தா திண்ணையில் ஆடியது நாம் இன்று ஆடுகிற சட்டம் இல்லை. அவர் ஆட்டத்தில் சிப்பாய் முதலில் இரண்டு கட்டம் தாவாது, ஒன்றுதான். ராஜா இன்னும் செக் வாங்காதவரை, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரைபோலத் தாவலாம். பலகையில் கறுப்பு வெள்ளைக் கட்டமும் கிடையாது, கரியால் கீறிய கோடுதான். பஞ்சாபிலிருந்து போன மீர் சுல்தான் கான் அப்படிப்பட்ட நாட்டுச் சட்டத்தில் வளர்ந்தவர். பெரியவரான பிறகு ஐரோப்பிய முறையைக் கற்றுக்கொண்டு 1929, 1932, 1933 மூன்று தடவை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். அந்த ஐரோப்பிய முறையும் பழையது இல்லை. 15-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை அங்கே ராணி மூலைக்கு மூலை ஒரே ஒரு கட்டம் நகர்கிற நோஞ்சான். அவளைப் பலகை முழுக்க ஓடவிட்டபோது, உங்களைப்போல ஒருவர் கடிதம் எழுதியிருப்பார்.

திருப்பூவனூரைச் சொன்னீர்களே. ராஜகுமாரியோடு சதுரங்கம் ஆட சிவன் வேற்றுருவில் வந்தார் என்பதுதானே தலக்கதை? வந்த காய் எது என்று அரண்மனையில் யாருக்கும் தெரியாது. ஆடி முடித்த பிறகுதான் மூடி நிமிர்ந்தது.

ஸ்ட்ராட்டிகோ ஆடுகிறோம். என் தோழி கொடியைச் சுற்றிக் குண்டு வைக்காமல், வேறு மூலையில் குண்டுகளை வைத்து என்னை ஏமாற்றினாள். இது சரியா சார்?
– கல்லூரி மாணவி, கருங்கல்

சரிதான் பிள்ளே. எதிராளியின் கொடியைத் தேடிப் பிடிக்கிற அந்தப் பலகை ஆட்டத்தில் ஆளுக்கு நாற்பது காய், அதில் ஆறு குண்டு, ஒரே ஒரு கொடி. முகம் எதிராளிக்குத் தெரியாது. எல்லாரிலும் பெரியவனான மார்ஷலை ஒற்றன் மட்டும் தாக்கி வீழ்த்தலாம் என்று சட்டம் வைத்திருக்கிறவர்களிடம் நேர்மையான அணிவகுப்பை எதிர்பார்க்கக் கூடாது.

உங்கள் ஊரிலிருந்து குளச்சல் பக்கம்தானே. 1741 ஆகஸ்ட் 10-ல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை அங்கே தோற்கடித்தார். கரையோரத்தில் துடுப்பைத் தோளில் சாய்த்து ஆட்களை நிற்க வைத்தார்கள், கப்பலிலிருந்து பார்த்தவனுக்குத் துப்பாக்கி பிடித்த படைபோலத் தெரிந்தது என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். கதைதான், ஆனால் நாலு தலைமுறையாகச் சொல்லுகிறார்கள் என்றால் எங்கள் ஆட்களுக்கு இந்த ஏமாற்று எவ்வளவு பிடித்திருக்கிறது பாருங்கள். அந்தப் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள்தான் அவர் கல்லறை. வெட்டுப்பட்ட காய் வெட்டியவன் பக்கம் சேர்ந்து ஆடுகிற விதி ஜப்பானியரின் சதுரங்கமான ஷோகியில் இருக்கிறது. அதற்காக ஜப்பான் வரை போக வேண்டாம், பஸ் ஏறித் தக்கலைக்கு அடுத்தாற்போல் இறங்கினால் போதும்.

தோழியை அடுத்த ஆட்டத்தில் நீங்களும் ஏமாற்றுங்கள்.

வாத்து சதுரங்கம் என்று ஒன்று இருக்கிறதாமே?
– எட்டாம் வகுப்பு மாணவன், திருவட்டாறு

உண்டு. 2016-ல் டிம் பால்டன் என்பவர் உருவாக்கியது. ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும், இரண்டு பேருக்கும் பொதுவான வாத்து ஒன்றை எடுத்து வேறொரு காலிக் கட்டத்தில் வைக்க வேண்டும். வாத்து நிற்கிற கட்டத்தில் யாரும் நிற்க முடியாது, குதிரையைத் தவிர யாரும் அதைத் தாண்டவும் முடியாது, வெட்டவும் முடியாது. எங்கள் வீட்டில் ரப்பர் வாத்து இல்லை, அண்டி, அதாவது முந்திரிக்கொட்டை, இருக்கிறது. ஓடு உடைக்காத ஒரு கொட்டை பலகையில் அழகாக நிற்கும். வறுத்ததை வைக்காதே, நாலாவது நகர்வுக்குள் காணாமல் போகும்.

பிஷரின் 960 சதுரங்கத்தில் 960 என்பது எப்படி வந்தது?
– ஆசிரியை, குழித்துறை

கணக்கு வாத்தியாரிடம் கேட்டீர்களே, நன்றி. பின்வரிசையைக் கலைத்து அடுக்க வேண்டும். இரண்டு மந்திரியும் வேறு வேறு நிறக் கட்டத்தில்: நாலு பெருக்கல் நாலு, பதினாறு. மீதி ஆறு இடத்தில் ராணிக்கு ஆறு வழி. மீதி ஐந்தில் இரண்டு குதிரைக்குப் பத்து வழி. மிச்சம் மூன்று இடம், ராஜா இரண்டு யானைக்கு நடுவில் என்பது விதி, ஆகவே ஒரே வழி. பதினாறு, ஆறு, பத்து, பெருக்கிக்கொள்ளுங்கள். முன்னாள் உலக சாம்பியன் பாபி பிஷர் இதை 1996-ல் புவனஸ் அயர்ஸில் அறிவித்தார். எதுவும் ஒளிந்திருக்காது, மனப்பாடம் மட்டும் உதவாது.

சார், கடைசி ராத்திரி ஆடிய ஆட்டத்தில் யார் ஜெயித்திருப்பார்கள்? இத்தனை வருஷமாகக் கேட்கிறேன். பத்திரிகையில் கேட்டாலாவது சொல்வீர்களா?
– பெயர் வேண்டாம், பக்கத்து வீடு

வாசகர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வேட்டிக்கு அந்தப் பக்கம் இந்தக் கடிதம் எழுதிய ஆள், இந்தப் பக்கம் என் மருமகன். நடுவில் நான், முதுகுப் பக்கம் நிழலில் என் பலகை. இரண்டு பேரும் சரிக்குச் சரியாக நின்றிருந்தார்கள். மருமகன் ‘வெட்டு உண்டுமா?’ என்றான். நான் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணும்போது டியூப் லைட் இரண்டு தடவை மினுங்கி எரிந்தது. தெரு முழுக்கக் கூச்சல். என் பின்னால் இருந்த பலகை இரண்டு பேருக்கும் பளிச்சென்று தெரியப்போகிறதே என்று நான் துண்டை எடுத்து அதன்மேல் போட்டேன். அதில் பாதிக் காய்கள் சரிந்துவிட்டன.

‘லைட்ட அணைங்க சார், ஆட்டம் முடியட்டும்’ என்று நீர்தான் கத்தினீர். அடுக்களையிலிருந்து, ‘அணைச்சா பாரும், முதல்ல மோட்டரப் போடும், டேங்கில சொட்டுத் தண்ணி இல்ல’ என்று என் மனைவி. ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். நீர் போனைச் சார்ஜ் போட ஓடினீர்.

சரிந்த காய்களை அன்று ராத்திரியே நினைவிலிருந்து திரும்ப அடுக்கி, கரண்டு பில்லின் பின்பக்கம் குறித்து வைத்தேன். பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது. மருமகன் கேட்ட கேள்விக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன், நடுவர் கடமை அது. உண்டு. எந்தச் சிப்பாய், எந்தக் கட்டம் என்பதை வோய், நீரே தடவிப் பாரும்.